காயப்போடாத பூ

காயல்பட்டினத்தில் ஜைனபின் சமையலறை. சன்னலுக்கு வெளியே இருக்கும் சந்தில் ஒரு பைக் நுழைந்தால், நடந்து வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே பால் கொதிக்கும் வாசம். ஜைனப் எவர்சில்வர் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு முட்டையைத் தட்டி உடைத்து ஊற்றினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

“ஏளா பிரின்ஸி, இது உன் கோழி முட்டைதானா?”

“ஆமா.”

“மஞ்சக்கரு எங்க?”

“அங்கன நடுவுல இருக்குலா.”

“இதுவா? காமாலை வந்து தெளிஞ்ச மாதிரில்லா இருக்கு!”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே. பழைய வேட்டியின் நிறத்தில் ஒரு வட்டம், கிண்ணத்தின் பளபளப்புக்குள் காணாமல் போகப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீரிப்பிள்ளை வந்த கதையைப் போன வாரம் எழுதியபோது, கோழி வளர்ப்பில் அதைவிடப் பெரிய எதிரி இல்லை என்று சொல்லியிருந்தேன். அது தப்பு. பெரிய எதிரி பிரின்ஸிதான்.

ஹனாவின் கழுத்து

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் மில்லர்புரத்துக்காரி. வேதியியல் படித்துவிட்டு, சாயர்புரத்தில் அப்பாவுக்கு இருக்கும் துண்டு நிலத்தில் நூற்றிருபது முட்டைக்கோழி வளர்க்கிறேன். தினமும் காலையில் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். ஜைனப் என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவள். அவள் வீட்டுக்காரர் துபாயில். அவள் வீட்டிலிருந்தே கேக்கும் இனிப்பும் செய்து கொடுக்கிறாள், முட்டை என்னுடையது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே மகள் ஹனாவால்தான். ஹனாவுக்கு நாலு வயது. கடையில் விற்கும் கலர் பவுடர் கலந்த எதைத் தின்றாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்தில் தொடங்கி முழங்கை வரை சிவந்து தடிப்புத் தடிப்பாக எழும்பிவிடும். கலர் போட்டதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஜைனப் கலர் பவுடரே இல்லாமல் செய்யப் பழகினாள். அதையே மற்றவர்களும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

இந்த ஊர்க் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவார்கள். இனிப்பாகக் கடல்பாசி வரும். உலர்ந்த கடல்பாசியைப் பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சி, உறைய ஆறவைத்து, கத்தியால் சாய்சதுரமாக வெட்டியது. கல்யாணம் என்றால் அது மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். அந்த மஞ்சள் வருவது பவுடரில். ஆகவே ஹனா எந்தக் கல்யாணத்திலும் சஹனில் உட்கார்ந்ததில்லை. ஓரமாக நாற்காலி போட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவில் ஜைனப் ஊட்டுவாள்.

இப்போது ஜைனபின் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். கடல்பாசி ஆர்டர் ஜைனபுக்கு. அவளுடைய முதல் பெரிய ஆர்டர். அதைவிட முக்கியம், ஹனா முதல்முறையாகச் சஹனில் உட்காரப் போகிறாள். அதைப் பிள்ளையிடம் சொல்லியும் விட்டாள்.

“மூணரை வாரம் இருக்கு,” என்றாள் ஜைனப். “நூத்தம்பது முட்டை. மஞ்சளா வேணும். இத பால்ல விட்டா பாலு பாலாவேதான் இருக்கும்.”

“வெள்ளையாவே குடுத்தா என்ன?”

“கல்யாண வீட்லயா? வெள்ளைன்னா வேண்டாம்னு வேற ஆளுக்குக் குடுத்துருவாக. அவுக பவுடர் போடுவாக. எம்புள்ள திரும்பவும் நாற்காலிதான்.”

நான் அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டேன். யோசித்துவிட்டு வாய் திறக்கும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

நானே கெடுத்தது

கரு ஏன் வெளுத்தது? நான் தீவனத்தை மாற்றியதால். மூட்டைத் தீவனம் வேண்டாம், சொந்தமாகக் கலப்போம் என்று ஒரு வேகம். கம்பு, அரிசிக் குருணை, தவிடு, மீன் தூள், கிளிஞ்சல் பொடி. கோழிகள் நன்றாகத் தின்றன, நன்றாக முட்டையும் இட்டன. ஓடு கல்லு மாதிரி. ஆனால் மக்காச்சோளத்தை எடுத்துவிட்டேன். கருவுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தது அதுதான்.

கோழிக்கு மஞ்சளைத் தானாக உண்டாக்கத் தெரியாது. இலை, பூ, சோளம், மிளகாய் இவற்றில் இருக்கும் நிறத்தைத் தின்று, கருவில் இருக்கும் கொழுப்பில் அப்படியே சேர்த்து வைக்கும். நிறம் கூடினால் சத்தும் அதே அளவு கூடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்; அப்படிச் சொல்லி விற்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நிறம் நிறம்தான். ஆனால் ஜைனபுக்கு வேண்டியதும் நிறம்தான்.

யாரிடம் கேட்டாலும் மஞ்சள்தூள் என்றார்கள். தீவனக் கடை அண்ணாச்சி சொன்னார், “கறிக்கடையில நாட்டுக்கோழிய வாட்டி மஞ்ச தேய்க்கான்லா? அத உள்ளுக்குக் குடுத்துரு, சோலி முடிஞ்சிச்சு.” தோலில் தேய்த்தால் தோல் மஞ்சளாகும். உள்ளே போகும் மஞ்சள்தூள் கருவுக்கு ஏறுவது மிகக் குறைவு. பீட்ரூட்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தவள் நான். கரு சிவக்கவில்லை. எச்சம் சிவந்தது. கோழிக்கு ரத்தப்போக்கு என்று பயந்து, மருத்துவரைக் கூப்பிட போனை எடுத்த பிறகுதான் முந்தின நாள் என்ன போட்டேன் என்று நினைவு வந்தது.

ஏறக்கூடியது செண்டுமல்லி. சாயர்புரம் போகும் வழியில் தங்கராஜ் அண்ணாச்சி கால் ஏக்கரில் அதைப் போட்டிருந்தார். விலை விழுந்ததால் பறிக்காமல் செடியிலேயே விட்டிருந்தார். மருந்து அடித்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது என்பதை மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

“கோழிக்குப் பூவா?” என்றார். “எம் பொண்டாட்டிக்கே நான் வேங்கிக் குடுத்ததில்லயே ம்மா.”

“அதான் அக்கா உங்கள முறைச்சிக்கிட்டே இருக்காவ.”

சிரித்தபடி இரண்டு சாக்கு நிறையப் பறித்துப் போட்டார்.

நிறத்தை அளக்க ஒரு விசிறி உண்டு; வெளிர் மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை பட்டைகள் இருக்கும், கருவின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என்னிடம் அது இல்லை. பெயின்ட் கடைக்குப் போய் ஷேட் கார்டு கேட்டேன்.

“வீட்டுக்கு உள்ளயா வெளியயா?” என்றார் கடைக்காரர்.

“முட்டைக்கு அண்ணாச்சி.”

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு கார்டை நீட்டினார். அதிலிருந்த மஞ்சள்களுக்குப் பேனாவால் ஒன்று முதல் பத்து வரை எண் போட்டேன். என் முட்டை இரண்டு. ஜைனபுக்கு வேண்டியது எட்டு.

மொட்டைமாடி

பூவைக் கொண்டுவந்து மில்லர்புரம் வீட்டு மொட்டைமாடியில் பரப்பினோம். இதில் எங்கள் வீட்டில் யாருக்குமே ஒரு சந்தேகமும் வரவில்லை. ஏன் வரும்? அப்பா முப்பது வருஷம் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தவர். இந்த ஊரில் எது கையில் கிடைத்தாலும் வெயிலில் போடுவோம். கடல் தண்ணீரைப் போட்டால் உப்பு. மீனைப் போட்டால் கருவாடு. மிளகாய், மோர் மிளகாய், வடகம், மழையில் நனைந்த பள்ளிக்கூடப் புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்.

“நம்மூரு வெயிலு மாதிரி எங்கயும் கெடையாது,” என்றார் அப்பா, தானே தயாரித்த மாதிரி. “மூணு நாள்ல அப்பளமா நொறுங்கும் பாரு.”

நொறுங்கியது. மூன்றாம் நாள் இதழ்கள் காலில் மிதித்தால் சலசலத்தன. அரைத்து, டப்பாவில் அடைத்து, தீவனத்தில் கலந்தேன். மக்காச்சோளத்தையும் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்தேன். ஒன்பது நாள் போட்டேன்.

இரண்டு, மூன்றானது. அவ்வளவுதான். அந்த ஒன்றும் மக்காச்சோளத்தின் புண்ணியம் என்று எனக்குத் தெரிந்தது.

தினமும் காலை ஒரு முட்டையை உடைத்து, பக்கத்தில் ஷேட் கார்டை வைத்துப் படமெடுத்து ஜைனபுக்கு அனுப்புவேன். முதலில் “இன்ஷா அல்லாஹ்” என்று பதில் வரும். பிறகு வெறும் கட்டைவிரல். ஒன்பதாம் நாள் ஒன்றுமே வரவில்லை. பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு மட்டும்.

கலர் துணி

அன்று சாயங்காலம் மாடியில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அம்மா துணி எடுக்க வந்தாள். வந்ததும் கத்தல்.

“ஏளா, இந்த ஆரஞ்சு சுடிதார நேர் வெயில்ல எவ போட்டா?”

“நான்தான்.”

“உள்பக்கம் திருப்பி நெழல்ல போடுன்னு எத்தன தடவ சொல்லுதேன்? சவம், ரெண்டு தடவ காஞ்சா கலரு பூராவும் போயிரும்லா!”

“அம்மா, இன்னொரு தடவ சொல்லு.”

“என்னத்த சொல்லணும்? காது என்ன அடைச்சிருக்கா?”

நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது வைக்கோல் நிறத்தில் ஒரு தூள். தினமும் பார்த்ததுதான். அரைத்தால் வெளுத்துத் தெரியும் என்று நானே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். மூலையில் தண்ணீர்த் தொட்டி. காற்றில் பறந்து அதன் அடியில் ஒதுங்கிய ஒரு கைப்பிடி இதழ், நிழலிலேயே காய்ந்து கிடந்தது. எடுத்து டப்பாத் தூளின் மேல் வைத்தேன். ஆரஞ்சு, அடர்ந்த ஆரஞ்சு. பறித்த அன்று இருந்த அதே நிறம்.

மூன்று வருஷம் வேதியியல் படித்தவள் நான். இந்த நிறத்தை வெளிச்சமும் சூடும் உடைக்கும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். சுடிதாரை நிழலில் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பூவும் கலர்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “மிளகா வத்தல் காயலயா? செவப்பு போயிருச்சா?”

“வத்தலுக்குத் தடிச்ச தோலு ப்பா. இது டிஷ்யூ பேப்பர் கணக்கா இருக்கு.”

கொஞ்ச நேரம் இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கையே போன மாதிரிக் கீழே இறங்கிப் போனார்.

நிழலில் காயவைக்க ஐந்தாறு நாளாவது ஆகும். கருவுக்குள் நிறம் முழுசாக இறங்கப் பத்து நாள் வேண்டும். முட்டை கொடுக்க இருந்ததே பத்து நாள். விரலை மடக்கி மடக்கிக் கூட்டிப் பார்த்தேன். வரவில்லை.

“அஞ்சு நாள் காயணும், அப்புறம் பத்து நாள் போடணும். முடியாதும்மா.”

அம்மா சுடிதாரை உதறி மடித்தாள். “கோழிக்கு என்னத்துக்குளா காயப்போட்டுக் குடுக்கணும்? கப்பலேத்தவா போற? பறிச்ச பூவ அப்பிடியே போடு.”

நான் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். துணியெல்லாம் கீழே விழுந்தது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஹனாவின் தோலுக்குத் தெரியும்

மறுநாள் காயல்பட்டினம் போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பது நாளை வீணாக்கியதை முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் சரி என்று பட்டது. ஜைனபும் அவள் மாமியாரும் சமையலறையில் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். வெயில், சுடிதார், அப்பா, கப்பல்.

மாமியார் நல்ல மனுஷி. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் சொன்னார்.

“அந்தப் புள்ளைய ஏன் போட்டுப் படுத்துத? நீ ஒரு சிட்டிகை பவுடர் போட்டுரு. யாருக்குத் தெரியப் போவுது? ஹனாவுக்கு மட்டும் தனியா எடுத்து வச்சுக்க.”

“ஹனாவுக்குத் தெரியும் மாமி,” என்றாள் ஜைனப். “தனியா வச்சா அவளுக்குத் தெரியும். தனியா வைக்கலன்னா அவ தோலுக்குத் தெரியும்.”

என் பக்கம் திரும்பினாள்.

“பத்து நாள்ல வருமா?”

“எட்டு வருமான்னு தெரியல. ஏழு வரும்.”

“ஏழுன்னா பால்ல தெரியுமா?”

“தெரியும்.” எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவளுக்கும் அது தெரியும்.

“சரி. நான் அவுககிட்ட மஞ்சள்னே சொல்லியிருக்கேன். மாத்திச் சொல்லல,” என்றாள்.

பத்து நாள்

விடிந்ததும் அண்ணாச்சி தோட்டம். பனி ஈரத்தோடு பூவைப் பறித்தால் விரலெல்லாம் பச்சை வாடை; சோப்புப் போட்டாலும் போகாது. அண்ணாச்சியும் கூட நின்று பறித்தார். “ஒங்க கோழிக்கு மால கட்டிப் போடவா?” என்று தினமும் ஒரே நகைச்சுவை. தினமும் சிரித்தேன். பூவுக்கு ஒரு பைசாகூட வாங்க மறுத்துவிட்ட மனுஷருக்கு அது கூடச் செய்யவில்லை என்றால் எப்படி?

கோழிகள் முதல் நாள் பூவைப் பார்த்து ஓடின. ஏதோ பாம்பு வந்த மாதிரி மூலையில் ஒண்டிக்கொண்டன. இதழை உதிர்த்து, ஈரத் தவிட்டில் பிசைந்து வைத்தேன். ஒரு துணிச்சல்காரி வந்து கொத்தினாள். அப்புறம் நூற்றிருபது பேருக்கும் அதேதான் வேண்டும்.

கூடவே முருங்கை இலை. அதிலும் இந்த நிறம் நிறைய இருக்கிறது, பச்சைக்குள் ஒளிந்து. சாயர்புரத்தில் முருங்கை இல்லாத வீடு குறைவு. கிளை வெட்டிப் போட்ட வீட்டைப் பார்த்தால் ஸ்கூட்டர் தானாக நின்றுவிடும். ஒரு வீட்டு அக்கா கேட்டார்:

“இம்புட்டுக் கீரையா? எத்தன பேருக்குச் சமையல்?”

“நூத்திருபது பேருக்கு.”

“ஹாஸ்டலா?”

“ஆமாக்கா. லேடீஸ் ஹாஸ்டல்.”

விஷயம் தெரிந்த பிறகு அந்த அக்கா என்னைத் திட்டிவிட்டு, இன்னொரு கிளையையும் வெட்டிக் கொடுத்தார். மறுநாள் போனபோது கேட் மேலேயே கட்டி வைத்திருந்தார். அந்தத் தெருவில் மூன்று கேட்டில் கட்டு தொங்கியது. இரண்டு வீட்டுக்காரர்களின் பெயர் கூட எனக்கு இன்றுவரை தெரியாது.

நாலாம் நாள் நாலு. ஆறாம் நாள் ஐந்தரை என்று நான் சொன்னேன், ஐந்து என்றாள் ஜைனப். அன்று ஒரு முட்டையை அவித்துக் குறுக்கே வெட்டினேன். நடுவில் வெளிர் வட்டம். அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம். கரு ஒரே நாளில் உண்டாவதில்லை. நாளுக்கு ஒரு சுற்றாகச் சேர்கிறது. நடுவில் இருந்தது என் மொட்டைமாடி நாட்கள். வெளியே இருந்தது அண்ணாச்சியும், கேட்டில் கட்டு தொங்கவிட்ட வீடுகளும், அம்மாவின் கத்தலும். உப்பும் மிளகும் தூவி அந்த முட்டையை நானே தின்றேன். அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை.

பத்தாம் நாள் ஷேட் கார்டை வைத்தேன். ஏழு. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன், ஏழு. எட்டாக்க முடியுமா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஏழுதான்.

கடைசி இரண்டு நாள் முட்டையை வைக்கோல் போட்ட கூடையில் அடுக்கி, ஸ்கூட்டரில் முன்னாலும் பின்னாலுமாகக் கட்டி, ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காயல்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். இரண்டுதான் உடைந்தது.

ஜைனப் அடித்த முட்டையைக் கொதிக்கும் பாலில் நூலாக விட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். பால் முதலில் வெள்ளையாகவே இருந்தது. அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள். மெல்ல, சாமந்திப் பூவின் உள்பக்கம் மாதிரி ஒரு மஞ்சள் திரண்டு வந்தது. பவுடரின் பளிச்சென்ற மஞ்சள் இல்லை. ஆனால் யார் பார்த்தாலும் மஞ்சள்.

மாமியார் கரண்டியை வாங்கி, தூக்கி ஊற்றிப் பார்த்தார். “மாஷா அல்லாஹ்,” என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்த பவுடர் டப்பாவை அவரே எடுத்து மேல் அலமாரியில் வைத்தார்.

சஹன்

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பெண்கள் பக்கம், பாயில், ஒரு சஹனைச் சுற்றி ஜைனப், அவள் மாமியார், நான். நடுவில் ஹனா, பச்சைப் பட்டுப் பாவாடையில். நாற்காலி எங்கே என்று ஒருமுறை தேடிப் பார்த்தாள். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கடல்பாசி வந்தது. சாய்சதுரத் துண்டுகள், தட்டு அசைந்தால் லேசாக நடுங்கின. ஹனா அம்மாவைப் பார்த்தாள்.

“எடும்மா,” என்றாள் ஜைனப்.

ஒரு துண்டு. விழுங்கினாள். இன்னொன்று. பிறகு கையைத் தன் பாவாடையிலேயே துடைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் முழங்கை தெரிய அம்மா முன்னால் நீட்டினாள். முகத்தை மேலே தூக்கிக் கழுத்தையும் காட்டினாள். புதிதாக எது தின்றாலும் அப்படி நீட்டித்தான் அந்தப் பிள்ளைக்குப் பழக்கம்.

ஜைனப் கையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கலர் பவுடர் இல்லை என்று எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். இருந்தும் இருவரும் சாப்பிடவில்லை. மண்டபம் முழுக்கப் பேச்சும் சிரிப்பும். எங்கள் சஹனில் மட்டும் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“இன்னும் வரலயாம்மா?” என்றாள் ஹனா.

“இரு.”

கால் மணி. இருபது நிமிஷம். பக்கத்துச் சஹனில் இரண்டாம் தடவை சோறு வைத்துவிட்டுப் போனார்கள். முன்கையில் மெல்லிய பூனை முடி, அதன் கீழே சின்னதாக ஒரு கொசுக்கடி. அது காலையிலேயே இருந்தது என்று ஜைனப் எனக்குச் சைகையில் சொன்னாள். அரை மணி ஆனது.

ஜைனப் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீட்டி நீட்டி ஹனாவுக்குக் கை வலித்துவிட்டது. இடது கையை அம்மாவிடமே விட்டுவிட்டு, வலது கையை மெதுவாக இழுத்து, திரும்பவும் சஹனுக்குள் வைத்தாள்.